உழைத்தார்கள், சரி. ஆனால்...
பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கென்யாவின் மேட்டுநிலத்தில் குடியேறிய வெள்ளையர்கள் சொந்த உழைப்பால்தான் முன்னேறினார்கள் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. உழைத்தார்கள், சரி. ஆனால் 1915 நிலச் சட்டப்படி அவர்களுக்குக் குத்தகை 999 ஆண்டு! நல்ல காசு தரும் பயிரான காப்பியை ஆப்பிரிக்கர்கள் பயிரிட 1930கள் வரை அனுமதியே இல்லை. வெள்ளைக்காரர் தோட்டத்தில் கூலிக்குக் களை பறிக்கலாம், தன் நிலத்தில் அதே செடி ஒன்றை நட முடியாது. கூலிக்கு ஆள் வந்ததும் தானாக அல்ல. குடிசை வரி கட்டப் பணம் வேண்டும், பணத்துக்குத் தோட்டத்துக்குத்தான் போயாக வேண்டும். அப்புறம் 'கிபாண்டே' என்ற அடையாளத் தாள்: கைரேகையும் வேலை விவரமும் எழுதி, சின்ன உலோகக் கூட்டில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்டு விடுவிக்காமல் வேறு வேலைக்குப் போக முடியாது. அந்தக் குடியேறிகளுக்குத் தலைவர் போல இருந்த டெலமியர் பிரபுவே கோதுமையில் துருநோய் விழுந்து கடனாளி ஆனாரே என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். உண்மைதான். ஆனால் 1903 வாக்கில் அவருக்குக் கிடைத்தது ஒரு லட்சம் ஏக்கர். ஒன்றில் தோற்றால் இன்னொன்றைப் போட்டுப் பார்க்க இடம் இருந்தது. கடற்கரையிலிருந்து அந்த மேட்டுநிலம் வழியாக ரயில் பாதை போட்ட கூலிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள், அவர்களுக்கும் அந்த மேட்டில் நிலம் கிடையாது.