வடிவமைப்பது வேறு, தயாரிப்பது வேறு

“ஆப்பிள் 2020-இல் இன்டெலை உதறிவிட்டு, ஒரே வருஷத்தில் சொந்தமாகச் சிப் தயாரிக்க ஆரம்பித்துவிட்டது, இனி அது யாரையும் நம்பி இல்லை. டெல், எச்பி எல்லாம் சோம்பேறிகள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை மேக் கணினிகளுக்குச் சிப் கொடுத்துவந்த இன்டெலை விட்டு விலக ஆரம்பித்தது சரி. மற்றது அப்படியில்லை.

ஆப்பிள் செய்வது வடிவமைப்பு மட்டும்தான். எம்1 சிப்பை உற்பத்தி செய்தது தைவானின் டிஎஸ்எம்சி, 5 நானோமீட்டர் முறையில். கட்டளைத் தொகுப்பு (சிப் புரிந்துகொள்ளும் அடிப்படைக் கட்டளைகள்) ஆர்ம் நிறுவனத்தின் உரிமத்தில் வருகிறது. டிஎஸ்எம்சிக்கு வேண்டிய ஈயூவி இயந்திரங்களை (சிப்பில் மிக நுண்ணிய கோடுகளை ஒளியால் பதிப்பவை)ச் செய்வது உலகிலேயே ஒரே நிறுவனம், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். ஆக, ஒருவரை விட்டு இன்னும் சிலரைச் சார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

‘ஒரே வருஷம்’ என்பதும் தவறு. பி.ஏ. செமி என்ற சிப் வடிவமைப்பு நிறுவனத்தை ஆப்பிள் 2008-லேயே வாங்கிவிட்டது. 2010-இல் ஐபேட், ஐபோனுக்கான ஏ4 சிப் வந்தது; அதன் மையக் கரு (கணக்குகளைச் செய்யும் பகுதி) ஆர்ம் வடிவமைத்தது, உற்பத்தி சாம்சங். சொந்தக் கரு 2012-இல் ஏ6-இல்தான் வந்தது. மேக்கில் எம்1 வர அதற்குப் பிறகும் எட்டு வருஷம். மோடம் (ஃபோனை மொபைல் நெட்வொர்க்கோடு இணைக்கும் சிப்) இன்னும் கஷ்டம்: இன்டெலின் மோடம் பிரிவை 2019-இல் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டும், சொந்த மோடமான சி1 வெளிவந்தது 2025-இல்தான். அதுவரை பெரும்பாலும் குவால்காம் என்ற சிப் நிறுவனத்திடம்தான் மோடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

டெல், எச்பி விஷயத்தில் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு. வடிவமைப்புச் செலவை ஆப்பிள் ஐபோன், ஐபேட், மேக் எல்லாவற்றின் மேலும் பரப்பிவிடலாம். அவர்களுக்கு அப்படிப் பரப்ப ஐபோன் மாதிரி ஒன்று இல்லை. அப்புறம், சிப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள விண்டோஸும் அவர்கள் கையில் இல்லையே.