4 நாள் நெட்டுக்கு 28 நாள் காசு

சிறுமலையில் எங்களுக்கு ஒரு சின்ன ஓட்டு வீடு இருக்கிறது. மாமனார் காலத்துத் தோட்டம். நாலு பலா, கொஞ்சம் காப்பி, மீதி வாழை. மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு போவோம், அவ்வளவுதான். திண்டுக்கல் பக்கமிருந்து 18 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுப் பள்ளத்தில் இறங்கும்போது செல்போனில் ஒரு கோடுகூட மிஞ்சாது.

"மலைக்குப் போயும் நெட் வேணுமா?" என்று கேட்பவர்களுக்கு: வேணும். நெட் இருந்தால் வெள்ளிக்கிழமை வேலையை அங்கிருந்தே பார்த்துவிடலாம், இரண்டு நாள் மூன்றாகும்.

ஃபைபர் கேட்டுப் பார்த்தேன். "உங்க ஒரு வீட்டுக்காக எத்தனை போஸ்ட் சார் நடுறது?" என்றார்கள். நியாயம்தான். செயற்கைக்கோள் இணைப்பு என்றால், மாதம் 4 நாளுக்காக வானத்தைப் பார்த்துத் தட்டு வைக்கும் வசதி நமக்கில்லை.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ மேலே ஏறியபோது சட்டைப்பையில் வாட்ஸப் மளமளவென்று கத்தியது. அங்கிருந்து பார்த்தால் கீழே சமவெளி தெரிகிறது. கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து சிக்னலும் வரும், இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். சிம் போடும் 4ஜி ரவுட்டர் ஒன்று, சமவெளியைப் பார்த்து ஒரு ஆன்டெனா. முதலில் ஆன்டெனாவைத் தொட்டிமேல் வைத்து, 15 மீட்டர் கேபிளை வீட்டுக்குள் இழுத்தேன். வந்த சிக்னலில் பாதிக்கு மேல் கேபிளே குடித்துவிட்டது. அப்புறம் ரவுட்டரையே ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு மேலே ஏற்றி, லேன் வயரைக் கீழே இறக்கினேன். அந்த வயர் 100 மீட்டர் வரை தாங்கும். குரங்குகள் இரண்டு முறை ஆன்டெனாவைத் திருப்பி வைத்தன. இப்போது சுற்றிலும் முள் கட்டியிருக்கிறேன். இடி மின்னல் என்றால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும், அது தனி வேலை.

ஆக, நெட் வந்துவிட்டது. என் வயிற்றெரிச்சல் ரீசார்ஜில்தான். மாதத்துக்கு 28 நாள் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறதோ, வருடத்துக்கு 13 முறை கட்ட வேண்டியிருக்கிறது. 30 நாள் பிளான் ஒன்றாவது வையுங்கள் என்று செல்போன் கம்பெனிகளிடம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022இல் சொன்னது. ரீசார்ஜ் வவுச்சர் 365 நாள் வரை செல்லலாம் என்று 2024 டிசம்பரில் அனுமதியும் கொடுத்தது. ஆனால் நான் கேட்பது வேறு. 50 ஜிபி கொடுங்கள், ஒரு வருடம் வைத்துக்கொள்கிறேன், வரும்போது செலவழிக்கிறேன். கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் 'தினமும் இத்தனை ஜிபி' ரகம். ஆளில்லாத வீட்டில் ஒவ்வொரு நள்ளிரவும் 2 ஜிபி அநாதையாகச் செத்துப்போகிறது. அதே வீட்டில் கரண்டுக்கு ஓடின யூனிட்டுக்குத்தானே கணக்கு? பூட்டிக் கிடந்த மாதங்களில் எங்களுக்கு பில்லே வராது.

இரண்டு வருடம் இப்படித் தண்டம் கட்டினேன். "மதுரையில் நான் ரீசார்ஜ் பண்ணின சிம் இங்கே சும்மாதானே இருக்கு, அதைப் போடுங்க" என்று போன தீபாவளிக்குத்தான் மனைவி சொன்னாள். இப்போது மலைக்குப் போனதும் அவள் சிம்மைக் கழற்றி எடுத்துக்கொண்டு, குண்டூசியோடு தொட்டிமேல் ஏறுகிறேன். ஒரே ஒரு சிக்கல்: அவளுடைய பேங்க் ஓடிபி எல்லாம் ரவுட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. "என்ன நம்பர் வந்திருக்கு?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தால், லேப்டாப்பில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து தேடி, கத்திச் சொல்ல வேண்டும். அதற்குள் பாதி நேரம் ஓடிபி காலாவதியாகிவிடுகிறது.