இரண்டு மாதம் கேலரி சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்

மதுரையில் ஒரு மாடி ஹாலை வாடகைக்குப் பிடித்து கேலரி நடத்துகிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வருஷத்தில் இரண்டு மாதம் சாவியை வெளியாள் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எதை மாட்டுவது, எதைக் கழற்றுவது, எது தரையில் கிடக்கட்டும் என்பதெல்லாம் அவர் பாடு. இதைச் சொன்னால் உடனே, "கெஸ்ட் கியூரேட்டர்தானே, நாங்களும் கூப்பிட்டோமே" என்கிறார்கள். (கியூரேட்டர் என்றால் எதை, எங்கே, எப்படிக் காட்சிக்கு வைப்பது என்று தீர்மானிப்பவர்.) கூப்பிட்டீர்கள், சரி. அழைப்பிதழில் பெயர் போட்டீர்கள், குத்துவிளக்கு ஏற்ற வைத்தீர்கள், பொன்னாடையும் போர்த்தினீர்கள், ஆனால் எந்தப் படம் எந்தச் சுவரில் என்பது அவர் பஸ் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிட்டதே! சிறப்பு விருந்தினரைக் கூப்பிட்ட கணக்கில்தான் அதைச் சேர்க்க முடியும்.

1992-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்ததைப் பாருங்கள். மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பை ஃபிரெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞருக்குத் திறந்துவிட்டார்கள். அவர் செய்த பெரிய வேலை, அங்கே ஏற்கெனவே இருந்த பொருட்களை எடுத்து இடம் மாற்றி வைத்ததுதான். ஒரு கண்ணாடிப் பெட்டியில் பளபளக்கும் வெள்ளிக் கூஜாக்களும் கோப்பைகளும், அவற்றின் நடுவே அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு. லேபிளில் 'உலோக வேலைப்பாடு, 1793–1880' என்று மட்டும். இன்னொரு இடத்தில் அலங்கார நாற்காலிகள் சில, எல்லாம் ஒரு சவுக்கடிக் கம்பத்தைப் பார்த்தபடி. வெள்ளியும் விலங்கும் அதே கழகத்தின் கையில்தான் அத்தனை காலமும் இருந்தன, சேர்த்து வைக்க மட்டும் ஒரு வெளியாள் வர வேண்டியிருந்தது.

அந்த வெளியாளைத் தேடி நாம் சென்னைக்கோ கொச்சிக்கோ போக வேண்டாம். (2012-ல் கொச்சி பியன்னாலே என்கிற, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று திட்டமிட்ட பெரிய கலைக் கண்காட்சி தொடங்கியபோதே அதைக் கியூரேட் செய்தவர்கள் கலைஞர்கள்தான். நல்ல வழி, ஆனால் அந்த இடமும் கூட்டமும் நமக்கு ஏது?) சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிற ஒரு அம்மாவைக் கூப்பிடுங்கள். நாமாக இருந்தால் சேலையை விரித்து ஃபிரேம் போட்டு, மேலே ஒரு ஸ்பாட் லைட் வைத்திருப்போம். அவர் சாயம் ஏறியும் முடிச்சு அவிழ்க்காத துணியை, சுருங்கிப்போய் முள்ளு முள்ளாக நிற்கிற அந்த நிலையிலேயே வைக்கலாம், பக்கத்தில் புள்ளியை அச்சடித்த சேலை ஒன்றைத் தொங்கவிட்டு எது கையால் கட்டியது என்று வருகிறவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். இரண்டும் இல்லாமல் நாம் நினைத்தே பார்க்காத ஒன்றையும் செய்யலாம். விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவரைக் கூப்பிட்டாலும் இதே கதைதான். இவர்களை மூலையில் உட்காரவைத்து 'செய்து காட்டுங்கள்' என்று வேடிக்கை பார்ப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். சுவரை ஒப்படையுங்கள்.

பணம் பேசாமல் இதெல்லாம் வெறும் பேச்சு. கியூரேட்டருக்குச் சம்பளம், அதுவும் விற்பனைக் கமிஷனில் கழிக்காத தனிச் சம்பளம். பல்பு, ஆணி, டெம்போ வாடகை, கார்பென்டர் கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அதற்குள் அவர் என்ன செய்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. ஓனர் 'வேண்டாம்' சொல்ல இரண்டே காரணம் இருக்கலாம்: யாருக்காவது ஆபத்து, அல்லது ஓர் ஓவியரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் வேறு மாதிரி பயன்படுத்துவது. 'என் கஸ்டமருக்குப் பிடிக்காது' இந்தப் பட்டியலில் இல்லை. விற்பனை படுத்துவிடும் என்று பயமாக இருந்தால் ஆடியில் ஆரம்பியுங்களேன், கிரகப்பிரவேசத்துக்குப் பரிசுப் படம் தேடி வருகிறவர்கள் அப்போது எப்படியும் வரப்போவதில்லை.

சில காட்சிகள் சொதப்பும். சொதப்பட்டும், அதையும் போட்டோ எடுத்து வைத்து அடுத்து வருகிறவரிடம் காட்டுங்கள், அவருக்கு அதைவிட உபயோகமான பொருள் கிடைக்காது.

முதல் ஆளாக யாரைக் கூப்பிடலாம் என்று என்னைக் கேட்டால், ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் நம் ஊர்ச் சுவர்களில் விளம்பரம் எழுதிய பெயின்டர் ஒருவரைச் சொல்வேன். ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவர் படிக்க எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் கண்ணை இழுக்கும் என்று சுவரிலேயே கற்றவர். நம் கேலரிகளின் லேபிள்களை முதலில் அவரிடம் காட்ட வேண்டும். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும், குனிந்து பார்க்கிற உயரத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் மனிதர் என்ன சொல்வார் என்று கேட்க எனக்கு ரொம்ப ஆசை.