கடற்கரையில் பேசிய அப்பத்தாவுக்கு எதற்கய்யா எக்கோ?

நேற்றிலிருந்து மனசு ஆறவே இல்லை. அப்பத்தா போய் ஒரு வருஷம் ஆகிறது, நினைவு நாளுக்கு ஒரு வீடியோ செய்யலாம் என்று என் போனில் இருந்த 40 விநாடிப் பதிவை எடிட்டிங் பண்ணும் கடையில் கொடுத்தேன். பாம்பன் சின்னப்பாலம் கரையில் எடுத்தது. பாசி எடுத்துவிட்டுக் கரையேறி, விரல்களில் சுற்றியிருந்த ஈரத்துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே, "கச்சான் அடிக்கிறப்ப தெக்குக் கடல்ல இறங்காதடா" என்று என்னைத் திட்டுகிறது. கச்சான் என்றால் எங்கள் பக்கம் அடிக்கிற ஒரு பருவக்காற்று. எங்களிடம் இருக்கிற அதன் குரல் அவ்வளவுதான்.

திரும்பி வந்த வீடியோவில் அப்பத்தா கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறது! 'கச்சான்' என்பது 'ச்சா ச்சா' என்று இழுபடுகிறது, 'இறங்காதடா' காதில் விழவே இல்லை. கேட்டால், "அண்ணே, எக்கோ போட்டாத்தான் ஃபீல் வரும், எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க" என்கிறான் அந்தத் தம்பி. முதலில் அது எக்கோவே இல்லை, ரிவெர்ப். எக்கோ என்றால் சொன்னது தனியாகத் திரும்பக் கேட்க வேண்டும், அதற்குச் சுவர் ஏறத்தாழ 17 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ரிவெர்ப் என்பது சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்புகிற ஆயிரம் சத்தங்கள் ஒன்றோடொன்று குழைந்து மெல்ல அடங்குவது. சின்னப்பாலம் கரையில் எங்கே இருக்கிறது சுவர்? முன்னால் கடல், மேலே வானம், காலடியில் சத்தத்தைக் குடித்துவிடும் மணல்.

ராமேசுவரம் கோயில் மூன்றாம் பிரகாரத்தில் நின்று பேசினால் கல்தூணும் கல்கூரையும் குரலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அங்கே எடுத்த வீடியோவில் அது இருந்தால் நியாயம். ஆனால் 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தை டிரோனில் எடுத்துவிட்டு, பின்னணிக் குரலுக்கு 'கதீட்ரல்' பிரீசெட்டை, அதாவது பெரிய தேவாலயத்துக்குள் பேசுவதுபோல மென்பொருளில் முன்கூட்டியே அமைத்து வைத்த ரிவெர்பை, தட்டிவிடுகிறார்களே, கூரையே இல்லாத இடத்தில் சத்தம் எதில் பட்டுத் திரும்பும்?

அந்தத் தம்பியின் திரையிலேயே பார்த்தேன். டிகே டைம் 4 விநாடி. அதாவது ஒரு சத்தம் 60 டெசிபல் இறங்கி அடங்க 4 விநாடி ஆகும், அதற்குள் அப்பத்தா ஏழெட்டு வார்த்தை பேசிவிடும், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். வெட், அதாவது ரிவெர்ப் சத்தம், பாதிக்கு மேல்; டிரை, அதாவது அசல் குரல், கீழே. பேச்சுக்கு ரிவெர்ப் வேண்டுமென்றால் டிகே ஒரு விநாடிக்குள், வெட் பத்து சதவீதத்தை ஒட்டி, குரலும் அதன் பின்னால் இழுபடுகிற ரிவெர்ப் வாலும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கொஞ்சம் ப்ரீ-டிலே (ரிவெர்ப் சற்றுத் தாமதித்துத் தொடங்குவது), அடித்தொண்டைச் சத்தம் கலங்காமல் இருக்க லோ-கட் (கனத்த அடிச்சத்தத்தை வெட்டுவது), இவ்வளவு போதும். பிரீசெட் என்பது தொடங்குகிற இடம், அதோடு வேலை முடிந்துவிடாது.

இதில் இன்னொன்று. எஃபெக்டை கிளிப்பின் மேலேயே போட்டிருக்கிறான், அப்பத்தா பேசி முடித்ததும் கிளிப் முடிகிறது, வாலும் அங்கேயே கத்தரித்ததுபோல நிற்கிறது. கிளிப் உட்கார்ந்திருக்கிற முழு டிராக்கில் போட்டிருந்தாலோ, கிளிப்புக்குப் பின்னால் இரண்டு விநாடி மௌனத்தைச் சேர்த்து இரண்டையும் ஒரே கிளிப்பாகக் கட்டி (நெஸ்ட் பண்ணி) அதன்மேல் போட்டிருந்தாலோ தானாக அடங்கியிருக்கும். உணர்ச்சிக்காகப் போட்டேன் என்கிறவனுக்கு அதைக் கடைசிவரை கேட்டுப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லை.

சரி, எடுத்துவிடு என்றேன். புராஜெக்ட் ஃபைலை அழித்துவிட்டானாம், எக்ஸ்போர்ட் பண்ணியது மட்டும்தான் இருக்கிறதாம். டைம்லைனில் இருக்கும்வரை ஒரு கிளிக்கில் அணைக்கலாம், எக்ஸ்போர்ட் ஆனபிறகு அது குரலோடு கலந்தாயிற்று, குறைக்க மென்பொருள் இருக்கிறதுதான், ஆனால் குரலையும் சேர்த்துச் சுரண்டிவிடும்.

போனில் அசல் பதிவு பத்திரமாக இருக்கிறது. நாளைக்கு அத்தைமார் எல்லாரும் வருவார்கள், அதைத்தான் போடப்போகிறேன், காற்று மைக்கில் மோதுகிற சத்தத்தோடு.