லத்தீனோ குழந்தைகளும் டோர்ட்டியாவும்: சுற்றும் செய்தி தவறு

‘அமெரிக்காவில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குழந்தைகளின் உடல் பருமன் பரம்பரைச் சமாச்சாரம், டோர்ட்டியா (மெக்சிகோ ரொட்டி) தின்கிறவரை எந்த அரசுத் திட்டமும் பலிக்காது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அவர்களிடம் பருமன் அதிகம்தான், பரம்பரைக்கும் பங்குண்டு. ஆனால் வருமானம் குறைந்த தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் உணவு தரும் அமெரிக்க அரசின் ‘விக்’ (WIC) திட்டம் 2009இல் மாறியது. பழச்சாறு குறைந்தது, காய்கறி, பழம், முழுதானியம் சேர்ந்தன. அந்த முழுதானியப் பட்டியலிலேயே மக்காச்சோள டோர்ட்டியாவும் இருக்கிறது!

அப்புறம், திட்டத்தில் இருந்த 2 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம் 2010இல் 15.9 சதவீதமாக இருந்த பருமன் 2016இல் 13.9 ஆனது. லத்தீனோ குழந்தைகளிடமும் குறைந்தது. திட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. எதுவும் மாறாது என்பதுதான் பொய்.

அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசியின் (CDC) இணையதளத்தில் இந்த எண்களைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.