கழுத்து லேபிளை விடுங்க, விலாப் பக்கத் தையலைப் பாருங்க

தொண்டு நிறுவனங்கள் நடத்தும் செகண்ட் ஹாண்ட் கடைகளைப் பற்றி ரெண்டு விதமாகப் பேச்சு ஓடுகிறது. “அங்கே புதையலே கிடக்குது” என்று ஒரு கூட்டம், “இப்பல்லாம் புதுசு விலைக்கே விக்கிறாங்க” என்று இன்னொரு கூட்டம். ரெண்டுமே உண்மைதான். காரணமும் ஒன்றுதான். அங்கே விலை ஒட்டுகிறவர் பெரும்பாலும் தன்னார்வலர். மூட்டை மூட்டையாக வந்து விழுவதில் ஒரு சட்டைக்கு அவரால் சில விநாடிதான் ஒதுக்க முடியும். அதற்குள் பிராண்டு பெயர் தெரியும், பெரிய கிழிசல் தெரியும். என்ன துணி, எப்படித் தைத்தது என்றெல்லாம் ஆராய நேரம் இருக்காது.

அதனால்தான் நாலு தடவை துவைத்த பாலியஸ்டர் டாப், பெயர் தெரிந்த கம்பெனி என்பதால் புதுசின் விலைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பெயர் தெரியாத தையல்காரர் தைத்த முழுக் கம்பளிக் கோட்டு மூலையில் சல்லிசாகக் கிடக்கிறது. அந்த டாப்பைப் பார்த்தவர் திட்டுவார், கோட்டைப் பார்த்தவர் கொண்டாடுவார். கடை விட்ட பரிசோதனையை நீங்கள் செய்யத் தயார் என்றால் லாபம் உங்களுக்கு. இல்லையென்றால் புதுசே வாங்கிவிடலாம், நிஜமாகவே.

முதலில் விலாப் பக்கத் தையலுக்குள் இருக்கும் துண்டு லேபிளைத் தேடுங்கள். எந்த நூல் எத்தனை சதவீதம் என்று அதில்தான் இருக்கும். பருத்தி, லினன், கம்பளி என்றால் மேலே பார்க்கலாம். அக்ரிலிக் கலந்த ஸ்வெட்டரில் ஏற்கெனவே உருண்டை உருண்டையாகப் பஞ்சு கட்டியிருந்தால் மாட்டிய இடத்திலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் சுரண்டச் சுரண்ட அது கட்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது வெளிச்சம். ஜீன்ஸைத் திருப்பிப் போட்டு, தொடை உரசும் இடத்தை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். நீல இழை போய் குறுக்கே வெள்ளை இழை மட்டும் நின்றால் இன்னும் சில மாதத்தில் கிழியும். அளவை நம்பாதீர்கள். ஒரே எண் ஒவ்வொரு கம்பெனியில் ஒவ்வொரு மாதிரி, பழைய உடைகள் இன்றைய அளவுக்குச் சின்னதாகவே இருக்கும். பையில் ஒரு இன்ச் டேப் போதும். உங்களுக்குச் சரியாக இருக்கும் சட்டையை வீட்டில் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பேன்ட் இடுப்பு இறுக்கமென்றால் பின் நடுத்தையலைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருபுறமும் 2 செ.மீ. துணி விட்டிருந்தால், பக்கத்துக்கு 1 செ.மீ. பிரித்து இடுப்பில் 2 செ.மீ. வாங்கலாம். காலைப் பிரித்து நீளமாக்கலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். பழைய மடிப்பு வெளுத்த கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும், டெனிமில் அது போகவே போகாது.

அக்குள் தனிக் கதை. வெள்ளைச் சட்டையில் மஞ்சள் படிவது, வியர்வையை அடக்கும் பூச்சில் உள்ள அலுமினிய உப்பு வியர்வையோடு சேர்வதால். குளோரின் ப்ளீச் ஊற்றினால் மஞ்சள் இன்னும் கூடும். சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஆக்சிஜன் ப்ளீச்சை வெந்நீரில் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்தால் பருத்தியில் பெரும்பாலும் போகும். ஆனால் அந்த இடம் அட்டை மாதிரி விறைத்திருந்தால் வாங்காதீர்கள். பாலியஸ்டர் இன்னும் மோசம், உடம்பு எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடையில் வாசமே இருக்காது, வீட்டில் இஸ்திரிப் பெட்டி பட்டதும் கிளம்பும். கடையிலேயே அந்த இடத்தில் வாயால் சூடாக ஊதி மோந்து பாருங்கள். பார்க்கிறவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

பட்டன் போனது குறையே இல்லை. ஜிப்பில் ரன்னர் ஓடியும் பின்னால் பல் பிரிந்துகொண்டே வந்தால், ரன்னர் வாய் அகன்றிருக்கிறது. குறட்டால் இருபுறமும் லேசாக அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். பல்லே விழுந்திருந்தால் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும். ஜாக்கெட் என்றால் அந்தக் கூலி ஜாக்கெட் விலையையே தாண்டலாம்.

ஷூவில் ஏமாறாதவர் குறைவு. போடாமலே வைத்திருந்த புத்தம்புது ஜோடியாகத் தெரியும், இரண்டாம் நாள் அடி பிட்டு மாதிரி உதிரும். பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றின் ஈரத்தாலேயே வருஷக்கணக்கில் சிதைந்துவிடும், போடாமல் வைத்திருந்தாலும். வளைத்துப் பாருங்கள், நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ பொடியோ தெரிந்தால் வேண்டாம். ரெக்சின் பைக்கும் இதே கதிதான்.

பாத்திரத்தில் இரும்பு என்றால் துருவுக்குப் பயப்படாதீர்கள், தேய்த்தால் போகும். விரிசலுக்குத்தான் பயப்பட வேண்டும். பீங்கானை விரல் முட்டியால் தட்டினால் ணங்கென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் உள்ளே கீறல். மேல்பூச்சு உரிந்த நான்-ஸ்டிக் வேண்டவே வேண்டாம். பேட்டரிச் சாமான் என்றால் மூடியைத் திறந்து பாருங்கள், பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது.

எவ்வளவு மலிவானாலும் தொடக்கூடாதவை உண்டு. ஹெல்மெட்டின் உள் நுரை ஒரு அடியோடு நசுங்கிவிடும், வெளியே தெரியாது. குழந்தைக்கான கார் சீட்டிலும் அதே ஆபத்து, போதாததற்குக் காலாவதித் தேதியும் உண்டு. பக்கவாட்டுக் கிராதி இறங்கும் பழைய தொட்டில்களில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால் 2011இல் அமெரிக்கா விற்பனையையே தடை செய்தது. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்துக்கு அங்கே 1978இல்தான் தடை வந்தது என்பதால், வயசு தெரியாத வண்ணம் பூசிய மரப்பொம்மையையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய துணியைக் கட்டில் மேல் போடாதீர்கள். பையோடு வைத்திருந்து, துணி தாங்குமானால் முதலில் ட்ரையரில் அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓட்டுங்கள். மூட்டைப்பூச்சியும் முட்டையும் 50 டிகிரிக்கு மேல் பிழைக்காது. கம்பளிக்கு அந்தச் சூடு ஆகாது. பையில் இறுகக் கட்டி மைனஸ் 18 டிகிரியில் ரெண்டு வாரம் வைத்தால் அந்துப்பூச்சி செத்துவிடும். பாச்சை உருண்டை நாற்றம் தண்ணீரில் கரையாது. அனல் காற்றில் நாள்கணக்கில் தொங்கவிட வேண்டியதுதான். அந்த வாசம் அடிக்கும் துணியைக் கைக்குழந்தைக்குப் போடாதீர்கள். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு, பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் அந்த அணுக்களையே உடைக்கும்.

விலையைப் பற்றிப் புலம்புவதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். 1902இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் இப்படிப்பட்ட கடைகளை நடத்தும் குட்வில் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது, சேகரித்த பழசை வேலையில்லாதவர்களைக் கொண்டே பழுதுபார்த்து விற்றார்கள். இன்று பழுதுபார்க்கிற வேலை பெரும்பாலும் வாங்குபவர் தலையில். அதற்கேற்ப விலை இறங்க வேண்டாமா என்று கேட்பது நியாயம். அதற்காக கல்லாவில் நிற்கும் தன்னார்வலரிடம் பேரம் பேசிச் சண்டை போடுவதில் நியாயமில்லை.

கொடுக்கும்போது இதையெல்லாம் மறந்துவிடுகிறோம். விற்காத துணி கடையில் நிற்பதில்லை. பொதி கட்டி எடை போட்டு, ஆப்பிரிக்காவில் கானா நாட்டுத் தலைநகர் அக்ராவின் கன்டமன்டோ மாதிரிப் பழந்துணிச் சந்தைகளுக்குப் போகும். பானிபட்டில் பழைய கம்பளியைப் பிரித்து மறுபடி நூலாக்குகிறார்கள். ஆனால் மூட்டையில் ஈரத்துணி ஒன்று இருந்தாலும் பூசணம் பிடித்து மொத்தமும் குப்பைக்குத்தான். ஷூவை லேஸால் ஜோடியாகக் கட்டிக் கொடுங்கள். ஒற்றை ஷூவை யாரும் வாங்க மாட்டார்கள், அதைக் குப்பையில் சேர்க்கும் செலவும் அந்தத் தொண்டு நிறுவனத்தின் கணக்கில்தான் விழும்.