விருந்தாளியாம்!

ஆல்பம் ஒன்றைச் சேர்ந்து கேட்பதற்காக நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலேய ராக் இசைக்குழுவான கிங் கிரிம்சனின் 'ரெட்' ஆல்பம் மூவரின் படைப்பு என்று அழைப்பிதழில் அச்சிட்டதை இடமில்லாமல் செய்ததாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்தக் குழுவில் வயலின் வாசித்த டேவிட் கிராஸின் பெயரை நான் சொன்னதும், "அவர் வெறும் விருந்தாளிதானே" என்று மேடையிலிருந்து சிரித்ததைத்தான் என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அட்டையில் ராபர்ட் ஃபிரிப், ஜான் வெட்டன், பில் புரூஃபோர்ட் ஆகிய மூன்று முகங்களே உள்ளன என்பதும், 1974 ஜூலையில் அவர்கள் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பதிவைத் தொடங்கியபோது கிராஸ் குழுவில் இல்லை என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆனால் ஆல்பத்தில் நான்காவதாக வரும் 'பிராவிடன்ஸ்' என்ற பாடல் ஸ்டூடியோவில் பிறந்ததே இல்லை. அந்த ஆண்டு ஜூன் 30 அன்று, அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரக் கச்சேரியில் முன்னேற்பாடில்லாமல் வாசித்தது அது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பவரைப் போலத் தொடக்கத்தில் தயங்கித் தயங்கி வரும் அந்த வயலின் யாருடையது? மறுநாள் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வாசித்ததோடு அந்தக் குழுவில் கிராஸின் காலம் முடிந்தது.

'ஸ்டார்லெஸ்' பாடலின் தொடக்க மெட்டையும் மேடைகளில் அவர் வயலினில்தான் வாசித்து வந்தார். ஆல்பத்தில் அது ஃபிரிப்பின் கிட்டாருக்குப் போனது. ஆக்கியவர்கள் வரிசையில் கிராஸின் பெயர் இருக்கிறது. விருந்தாளியின் பெயரை வீட்டுப் பத்திரத்தில் எழுதுவார்களா?

மெல் காலின்ஸும் இயன் மெக்டொனால்டும்கூட வந்து சாக்ஸஃபோன் வாசித்தார்களே, எல்லார் பெயரையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்பார்கள். சொன்னால் வாய் வலிக்குமா? மூவராகச் சுருங்கியதால்தான் அந்த ஒலிக்கு அத்தனை முரட்டு வலிமை வந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த மூவர் குழுவும் செப்டம்பரிலேயே கலைந்துவிட்டது; ஆல்பம் கடைக்கு வந்ததோ அக்டோபரில்.

சொந்தப் புண்ணைச் சொறிந்துகொள்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கல்லூரி நாள்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் மூன்று ஆண்டுகள் வயலின் வாசித்தேன். குழுவின் ஒலிநாடா வந்தபோது, அட்டையின் உள்மடிப்பில், 'உதவி' என்ற தலைப்பின் கீழ், வேன் ஓட்டியவருக்கும் தேநீர் கொடுத்தவருக்கும் நடுவில் என் பெயர் இருந்தது. அதிலும் ஓர் எழுத்துப்பிழை. அந்த இருவரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒலிநாடாவைப் போட்டால் கேட்பது என் வயலின்.

கூட்டத்தை நடத்தியவர்கள் என்னிடம் வருத்தம் தெரிவிக்கத் தேவையில்லை. நேரமில்லை என்று அன்று நீங்கள் தாண்டிச் சென்ற ஒரே பாடல் அந்த நான்காவதுதான். அதை முதலில் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.